அல்மாட்டியில் ஆட்டுத்தலை

என் அக்கா அய்ஜார்கின், கிர்கிஸ்தானின் கராகோலில் பள்ளிக்கூடச் சமையல்காரி. தலைமையாசிரியை குரலில், "கஞ்சிய மிச்சம் வைக்காத!" என்று அவள் அதட்டினால் தலைமையாசிரியையே தட்டை வழித்துவிடுவார்.

அந்தத் தொண்டையை நம்பி அவளே ஒரு நாடகம் எழுதினாள். கல்யாண விருந்தில் ஏழு பேர், ஏழும் அவளே. ஊர் நாடகசபை இயக்குநர் இமானாலிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அல்மாட்டியின் சர்வதேச நாடக விழாவுக்குப் போகவேண்டிய நடிகைக்குப் பிரசவமாகிவிட்டது. அதனால்தான் அக்காவை அழைத்துப்போனார், தையல் வேலைக்கு என்னையும்.

"ஜனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, அப்புறம் என் மேடைப் பக்கமே வராத. கஞ்சிக் கரண்டியோட நின்னுக்க" என்றார்.

அல்மாட்டி மலைக்கு அந்தப் பக்கம்தான், பேச்சும் ஏறக்குறைய புரியும், ஆனாலும் அது கசகஸ்தான், வெளிநாடு. எங்களுக்கு முன்னால் எந்த நாட்டுக்காரரோ ஒரு மணி நேரம் பேசாமல் தரையில் உருண்டார். பிரமாதமான கைதட்டல். அக்கா மாமியாராக, மாமனாராக, பல் போன பாட்டனாக மாறி மாறிப் பேசினாள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருவர் எழுந்து கோட்டை மாட்டினார்கள். என் பக்கத்தில் இமானாலி பெருமூச்சு விட்டார்.

அடுத்து விருந்துக் காட்சி. கம்பளித் துணியில் தைத்த ஆட்டுத் துண்டுகளோடு அக்கா ஜனங்களுக்குள் இறங்கினாள். தலைக்கு மட்டும் மாறுகண். அது என் தையல். எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பெலும்பை முன்வரிசையின் மூத்த பெரியவரிடம் கொடுத்தாள். தலையை ஓர் இளவட்டத்தின் மடியில் வைத்தாள்.

அரங்கம் திடுக்கிட்டது. கசாக்குகள் தலையைத்தான் மூத்தவருக்குக் கொடுப்பார்கள், அதுதான் முதல் மரியாதை.

"ஏம்மா, தலைய சின்னப் பயகிட்டயா குடுப்ப?" என்று ஒரு பெண் எழுந்தாள்.

இது அக்கா எழுதிவைத்த வசனத்தில் இல்லை. அப்புறம் மாமியாராகவே இடுப்பில் கை வைத்தாள்.

"எங்க வீட்ல பெரியவருக்கு இடுப்பெலும்புதான் சம்பந்தி! தலை எதுக்கு? அவருக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

"இருக்கிறது வழுக்கை!" என்று யாரோ கத்தினார்கள்.

பெரியவர் எழுந்தார். "தாடி நரைச்சும் இடுப்பெலும்புதானா? நான் என்ன பாவம் பண்ணேன் மருமவளே?"

கூரை அதிரச் சிரிப்பு. கோட்டு மாட்டியவர்கள் கோட்டோடே உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரா, உங்கள் ஊரா என்று வரிசைக்கு வரிசை சண்டை. அக்கா ஏழு குரலிலும் பதில் சொன்னாள். கடைசியில் வெட்கப்படும் மருமகளாகக் குனிந்து, தலையை எடுத்துப் பெரியவரின் கையில் வைத்தாள்.

தலையை வாங்கியவர் ஆசி சொல்லாமல் விடுவாரா? அவர் உள்ளங்கைகளை விரித்தார். உருண்ட கலைஞர் உட்பட அரங்கமே விரித்தது. "மணமக்கள் நல்லாருக்கட்டும்" என்றார். எல்லோரும் வழக்கப்படி அந்தக் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

ஆசி சொன்னால் விருந்து முடிந்தது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஏது? எழுதிவைத்த கடைசிக் காட்சியை விட்டுவிட்டு அக்கா தலை வணங்கினாள். கைதட்டல் ஓயவே இல்லை. நான் அழவில்லை, கம்பளித் தூசி.

இமானாலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். "அய்ஜார்கின், அடுத்த மாசம் நம்ம நாரின் டவுன்ல போடுறோம். பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிடு."

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் அக்கா. பெரியவர் அவள் கையை விடவில்லை. தன் வீட்டுக்குச் சாப்பிட வந்தே தீரவேண்டுமாம், நிஜ ஆட்டுத்தலை விருந்தாம்.