அபிகாயில் டீச்சரின் ‘முழங்கால் தண்ணி’

கேம்ப் ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டிருக்கிறார் அபிகாயில். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், தன் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று குனிந்து பார்க்கிறார். குரல் அவ்வளவு கனம். “ஹெல்மெட் உள்ள எக்கோ சூப்பரா இருக்கும் சார். ஃப்ரீ ஸ்டூடியோ” என்று எதிர்வீட்டுக்காரனான என்னிடம் ஒருமுறை சொன்னார். பச்சை விழுந்ததும் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல்.

முப்பத்தைந்து வயது. காட்டன் புடவை, உள்ளங்கையில் சாக்பீஸ் தூள், விரல் நுனிகளில் கிட்டார் கம்பி அழுத்திய காய்ப்பு. கடைசி பெஞ்சு தூங்கினால் அதட்டமாட்டார். குரலை ஒரு படி இறக்குவார், பெஞ்சே அதிரும் என்கிறார்கள் மாணவிகள். தேவாலயப் பாடகர் குழுவில் அவர் குரல் பெண்களோடு சேரவில்லை என்று ஆண்கள் பக்கம் நிற்கவைத்தார்கள். “அங்கதான் சார் ஃபேன் இருக்கு. நான் ஏன் வேணாம்னு சொல்லணும்?” என்பார்.

தம்பி டெனிஸ் டிரம்ஸ். மாடம்பாக்கத்திலிருந்து வரும் உமேஷ் லீட் கிட்டார். பாட்டும் பேஸ் கிட்டாரும் இவர். இந்த மூவர் ராக் பேண்டின் பெயர் ‘மழைநீர் வடிகால்’. ஒரு டிசம்பரில் சேலையூரில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் ஏறியபோது, எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினோம். முன்னால் போன அபிகாயில், பள்ளம் எங்கே, கல் எங்கே என்று பின்னால் வருபவர்களுக்குக் கத்திக்கொண்டே நடந்தார். அந்தக் கத்தலையே பின்னர் பாட்டாக்கினார். அதுதான் ‘முழங்கால் தண்ணி’, அவர்களுடைய முதல் பாட்டு. மாடி அறையில் பதிவுசெய்து தாங்களே இணையத்தில் போட்டார்கள். எங்கள் வீட்டு மோட்டார் ஓடும் சத்தமும் அதில் கேட்கும். அக்கம்பக்கத்தைத் தாண்டி அது அதிகம் போகவில்லை.

பிறகு ஓர் இசை நிறுவனம் கூப்பிட்டது. “பாட்டு செமயா இருக்கு மேடம். வாய்ஸ்தான் கொஞ்சம் ஹெவி. வேற சிங்கரை வெச்சுப் பண்ணிடலாமா?” என்றார் மேலாளர்.

டெனிஸ் எழுந்துவிட்டான். “அக்கா பாடலன்னா பாட்டே கிடையாது சார்.”

அபிகாயில் தம்பியின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். “பாட்டு வெளிய போகட்டும்டா. பேண்டு பேரு இருக்குல்ல.”

வேறொரு பெண் பாடினார். அவருக்கு மெட்டைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் அபிகாயில்தான். இரண்டாவது வெளியீட்டில் வயலின் சேர்ந்தது. வரிகளில் வெள்ளம் காதல் மழையானது. நிறுவனம் சொன்னபடி பழைய பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சில வாரங்களுக்கு ஹெல்மெட்டுக்குள் சத்தமே இல்லை.

புதிய பாட்டு நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் கீழே ஒருவர் எழுதினார்: “இது ஓகே. பழசு எங்க? அதுல ஒரு அக்கா பாடுவாங்களே. போன மழைக்கு கரண்ட் இல்லாம மொட்டை மாடியில உக்காந்து அதைத்தான் கேட்டோம்.” முடிச்சூரிலிருந்து இன்னொருவர் அதையே கேட்டார். பிறகு பலர்.

உமேஷ் அவற்றைப் படித்துக் காட்டியபோது அபிகாயில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். “அப்ப நாமளே திரும்பப் போடலாம். கம்பெனில நானே பேசறேன்.”

அதே மேலாளர்தான் எதிரே. “அவங்க நல்லாத்தான் பாடியிருக்காங்க சார். குறை சொல்ல வரல. ஆனா எங்க ஜனங்க என் குரலைக் கேக்கறாங்க. பர்மிஷன் குடுங்க” என்றார் அபிகாயில். நிறுவனம் நாளைக் கடத்தியது. இவர் விடாமல் போனார். கடைசியில் சம்மதம் கிடைத்தது.

மூன்றாவது வெளியீடு இந்த ஆண்டு தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பழைய பதிவையே போட்டிருக்கலாம், புதிதாகப் பாடியிருந்தார். “அன்னிக்குக் கொஞ்சம் அடக்கி வாசிச்சேன் சார். இப்ப அடக்கல.” முன்வரிசை முழுக்க அவருடைய மாணவிகள். விவரம் தெரியாத தொகுப்பாளர், “வேற ஒருத்தர் பாடி ஹிட்டான பாட்டை, இப்ப தன்னோட ஸ்டைல்ல பாட வர்றாங்க அபிகாயில்” என்று அறிவித்துவிட்டு இறங்கினார். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து டெனிஸ் அதைத் திருத்த வாயெடுத்தான். அபிகாயில் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பிறகு, தொகுப்பாளரின் உயரத்தில் நின்ற மைக்கைத் தன் வாய்க்கு நேராக இறக்கி, திருகை இறுக்கினார்.