ஓடாத நாலு தறி

வக்கீல் குமாஸ்தா என்பவன், கடன் வாங்காமலும் கொடுக்காமலும் இரண்டு தரப்பிடமும் ஏச்சு வாங்குகிறவன். இனி நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு இப்போதே அழுகட்டும். சத்தியம், சத்தியம், இன்னொரு தடவையும் சத்தியம்! கோர்ட்டுக் கடிதாசியைக் கண்டாலே கதவைச் சாத்துகிற என் இனத்தாரே, கேளுங்கள்.

காற்றில் போன பஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பல்லடத்துத் தறிக்காரர் மயில்சாமி, பக்கத்து வீட்டு நூல் வியாபாரி சென்னியப்பனிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியிருந்தார். பணம் திரும்பி வரவில்லை என்று சென்னியப்பன் கோவையில் வழக்குப் போட்டுவிட்டார். மயில்சாமிக்குச் சொத்தென்று இருந்தது நாலு தறி. பதில் சொல்லாமல் விட்டால் எதிராளி கேட்டபடியே தீர்ப்பாகி, தறிகள் ஜப்திக்குப் போகும். மயில்சாமியின் மச்சான் வந்து அழ, ஆளைக் கூட்டிவர எங்கள் வக்கீல் என்னைப் பல்லடத்துக்கு அனுப்பினார்.

சூலூர் தாண்டியதும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பின்னாலிருந்து தள்ள, பஸ் தானாக மிதந்தது. பஞ்சுத்தூசி சன்னல் வழியே வந்து எல்லார் இமையிலும் உட்கார்ந்தது. பாதிப்பேர் கனவிலேயே டிக்கெட் எடுத்தார்கள். எங்கே இறங்குவது என்று கேட்டேன். கண்டக்டர் சொன்னார்: "காத்து எங்க நிறுத்துதோ அங்க எறங்கிக்கங்க. அதைய நான் கேக்க முடியுங்களா?"

மேட்டுப்பாளையம் போனவர்

தறிச் சத்தம் கேட்டால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு அமீனாவுக்குப் பயந்து நாலு தறியையும் நிறுத்திவிட்டு, நூல் மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார் மயில்சாமி. சம்மனை வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்று நம்பிக்கை. அவர் சம்சாரம் துளசி எனக்கு மோரை நீட்டி, "அவரு மேட்டுப்பாளையம் போயிட்டாருங்க" என்றார்.

நான் உரக்கவே சொன்னேன்: "வாங்காட்டிக் கதவுல ஒட்டிப்போட்டுப் போவாங்க அம்மணி. அப்பறம் தறியத் தூக்க வருவாங்க." மூட்டைக்குப் பின்னாலிருந்து மரியாதையாக ஒரு குரல் வந்தது: "ஏனுங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து நான் எப்ப வரோணுங்க?"

பொய்க்குக் கையெழுத்தில்லை

சம்மனை வாங்கிக்கொண்டு மயில்சாமி வக்கீல் ஆபீசுக்கு வந்தார். வக்கீல் வழக்கம்போல் 'வாதி சொல்வது அத்தனையும் பொய்' என்று பதிலுரையை ஆரம்பிக்க, பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மயில்சாமி எழுந்து நின்றுவிட்டார். சம்மனைத்தான் வாங்கியாச்சே, இனித் தறியையாவது ஓட்டுங்கள் என்றேன். சத்தம் கேட்டால், இவரிடம் பணம் புரளுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பாராம். வக்கீல் பேனாவை மூடப்போனார். மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டார்: "கடன் நெசந்தானுங்க. வட்டிதானுங்க தாங்கல. அதைய மட்டும் கோர்ட்டுப் பாஷையில எழுதுங்க."

சிவந்த கண்கள்

வாய்தா அன்று கோர்ட்டு வராந்தாவில் சென்னியப்பன் தள்ளாடி வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். மயில்சாமி சட்டென்று எழுந்து பெஞ்சில் இடம்விட்டு, "சாப்ட்டீங்களா மாமா?" என்றார்.

"சோறு கெடக்குது. தறிய ஏன் மாப்ள நிறுத்துன?"

"ஜப்தியில போறதுதானுங்களே மாமா."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடினால்தான் சென்னியப்பனுக்கு வருஷக்கணக்காகத் தூக்கம். தறி நின்ற நாள்முதல் பொட்டுத் தூக்கமில்லை. சம்சாரத்தைத் தட்டத்தில் தாளம் போடச் சொன்னார். அந்தம்மா தட்டிக்கொண்டே தூங்கிப்போனது. ரயிலில் ஏறிப் படுத்தும் பார்த்தாராம். "ரயிலு பாவாட்டம் நீளத்துக்கு மட்டும் ஓடுதுங்க, குறுக்க ஊடைய விட மாட்டீங்குது" என்று என்னிடம் அழுதார்.

இரண்டு வக்கீல்களும் உட்கார்ந்து ராஜிப் பத்திரம் எழுதினார்கள். சென்னியப்பன் கொட்டாவியோடு சொன்னார்: "வட்டிய அடிச்சுப்போடுங்க. அசலு தவணையில வரட்டும். ஆனா ஒண்ணு எழுதோணும், ராத்திரியில மட்டுமில்ல, மத்தியானமும் தறி நிக்கப்படாது!"

முதல் தவணை

முதல் தவணை நாளன்று நானும் போனேன். நாலு தறியும் ஓட, தெருவில் நாய்கூடத் தலையாட்டிக்கொண்டு உறங்கியது. மயில்சாமி பணத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சென்னியப்பனின் குறட்டை ஊடை தவறாமல் ஓடியது. கூப்பிட வாயெடுத்தேன். கூட வந்த துளசி என் கையைத் தட்டினார்: "மெதுவாப் பேசுங்க, கடன் குடுத்தவரு இப்பத்தான் கண்ண மூடுனாரு."

வழக்கை முடித்தது சட்டமா தூக்கமா என்று யாராவது கேட்டால் தூக்கம் என்றே சொல்லுங்கள், ஆனால் சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், ஃபீஸ் வாங்கியது எங்கள் வக்கீல்.