அம்மன் பார்வையில் மனைகள்

கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது என் குரல் எனக்குப் பின்னால் கேட்டது. திரும்பினேன். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, பக்கவாட்டில் பச்சை ஃப்ளெக்ஸோடு, நெரிசலில் ஊர்ந்து வந்தது.

"ஒரு மழைக்காலத்தில் எங்கள் அம்மன் ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் பார்வை இந்த நிலத்தின் மேல்தான் இருக்கிறது" என்றது என் குரல். பிறகு நாதஸ்வரம். பிறகு ஓர் ஆண் குரல்: "ஆயிரம் ஆண்டுப் பழமையான ஆலயம்! அம்மன் பார்வையில் மனைகள்! குடிவர ஏற்ற இடம்!"

"இன்னாம்மா, கீரை வேணுமா வேணாமா?" என்றார் கீரைக்கார அம்மா. நிலத்தின் மேல் பார்வை இருக்கிறது என்பதோடு நான் நிறுத்தவே இல்லை. அதற்கு அடுத்ததுதான் கதை. அதை வெட்டியிருந்தார்கள்.

எங்கள் ஊர் தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கோயில் சிறியது. கருவறை மட்டும் பழைய கருங்கல், மற்றதெல்லாம் பிற்பாடு போட்ட சிமென்ட். அடிக்கல்லில் எழுத்துகள் உண்டு. முதுகலை வரலாறு படித்த நாட்களில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பல மாலைகளைச் செலவழித்திருக்கிறேன். 'ஏரி' என்ற சொல்லையும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்ற பொருள் தரும் தொடரையும்தான் என்னால் தேற்ற முடிந்தது. யார் கட்டியது, எப்போது கட்டியது என்பதெல்லாம் தேய்ந்துவிட்டது. அதனால் ஆயிரம் ஆண்டு என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லாமலிருக்கத்தான் நான் படித்தேன்.

கல்லில் போனது கதையில் இருக்கிறது. முன்பு அம்மன் ஊரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு மழையில் ஏரி தளும்பிக் கரை அரிக்க ஆரம்பித்தது. கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கை ஓய்ந்துபோனது. கூடையை வீசிவிட்டுக் கோயிலுக்கு ஓடி வந்தவள், "எங்களை இன்னாத்துக்குப் பாத்துனு கீற? நாங்களா உடையப்போறோம்? தண்ணியப் பாரு!" என்று கத்தினாள். அம்மன் கல்லோடு கல்லாகத் திரும்பினாள். தண்ணீர் அடங்கியது. அதனால்தான் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கருவறையின் பின்சுவரை. சுற்றிக்கொண்டு போனால்தான் முகம் தெரியும்.

திரும்பிய அம்மன் ஒரு சொல் கேட்டாள். "என் கண்ணுக்கும் தண்ணிக்கும் நடுவுல எதையும் நிறுத்தாதீங்க. மறைச்சீங்கன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க." ஊர் ஒப்புக்கொண்டது. கோயில் வாசலிலிருந்து ஏரிக்கரை வரை நேராக ஓடும் அந்தப் புல் தரைக்குக் கண்வழி என்று பெயர். பட்டா எங்கள் குடும்பத்துக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் இருக்கிறது. ஆனாலும் யாரும் அங்கே வீடு கட்டியதில்லை. மாடு மேயலாம், முளை அடித்துக் கட்டக் கூடாது. பையன்கள் கிரிக்கெட் ஆடினால்கூட ஸ்டம்புக்குப் பதில் செருப்பைத்தான் வைப்பார்கள்.

இது வெறும் பக்தி இல்லை என்று எனக்குத் தெரியும். ஏரி நிறைந்தால், உபரி நீர் வெளியேறக் கட்டிய கலங்கலில் வழிகிற நீர் அந்தத் தடத்தில்தான் இறங்கி, கோயிலை ஒட்டி ஓடைக்குப் போகிறது. முடிச்சூர்ப் பக்கம் படகு விட்ட அந்தப் பெருமழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறவில்லை. கண்வழி முழுக்க ஆறு மாதிரி ஓடிற்று. ஆட்டோவில் ஒலித்த அந்தக் குரலைப் பதிவு செய்த வீடியோவில் இதையும் சொன்னேன். இதுவும் இல்லை.

வீடியோ எடுக்கச் சொன்னது என் அண்ணன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தது நான் ஒருத்திதான். அம்மா கைநாட்டு. இறந்துபோன அப்பாவும் அப்படித்தான். அண்ணன் பள்ளிக்குப் போனதைவிட ஏரியில் மீன் பிடித்த நாட்கள் அதிகம். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஷேர் ஆட்டோ ஓட்டினான், பிறகு மனை காட்டும் வேலைக்குப் போனான். நான் தாம்பரத்தில் பட்டம் வாங்கிய அன்று ஸ்டேஷன் வாசலில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, "என் தங்கச்சி எம்.ஏ. ஹிஸ்டரி" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னவன் அவன்.

"கும்பாபிஷேகத்துக்கு ஒரு வீடியோ எடுக்கறோம் பாப்பா. வெளியூர்ல கீற நம்ம ஆளுங்க பாப்பாங்க. நீதான் சொல்லணும். நான் வாயத் தொறந்தா சண்டைக்குக் கூப்புட்ற மாரி கீது. நீ பேசுனா நியூஸ் வாசிக்கற மாரி இருக்கும்."

மெரூன் சேலை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்று சொன்னேன். காற்று மைக்கில் அடித்ததால் மறுபடி சொன்னேன். நடுவில் ஓர் ஆடு வந்து நின்றது. அண்ணன் அதை விரட்டிவிட்டு வந்தான். நான் முடித்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அடி தூள், பாப்பா. எனக்கே புல்லரிச்சுடுச்சு." அந்தக் கண்ணீர் உண்மையாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கீரை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கூடுவாஞ்சேரில என் குரல் மனை விக்குது" என்றேன்.

"கேட்டியா? சூப்பரா கீதுல்ல?"

"மீதி எங்க?"

"இன்னா மீதி?"

"நடுவுல எதுவும் நிறுத்தக் கூடாதுன்னு அம்மன் கேட்டது. தண்ணி அந்த வழியா இறங்கறது."

"அதுவா? படிச்சவங்க பேச்சு நீளம் டீச்சர். அவ்ளோ நேரம் எவன் பாப்பான்? எடிட்டிங்ல போயிடுச்சு."

"கட்டக் கூடாதுங்கற எடத்தப் பாத்துக் கரெக்டா போச்சா?"

சிரித்தான். "நீ பேசாத வார்த்த ஒண்ணாவது அதுல கீதா? சொல்லு. பார்வ கீதுன்னு நீதான சொன்ன? நான் பொய் சொன்னனா?"

"கும்பாபிஷேகத்துக்குன்னு சொன்னியே?"

"மனை வித்தா கும்பாபிஷேகமும் நடக்கும். கம்பெனிக்காரரு கோபுரத்துக்குப் பெயின்ட் அடிச்சுத் தரேன்னிருக்காரு. அம்மனால ஒரு மாடிக்கு மேல பாக்க முடியாதா? அவ்ளோ சின்ன சாமியா அது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்வழியில் எங்கள் பங்கு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா ஒப்பாமல் அங்கே கல் நட முடியாது. நான் உள்ளே போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ கையெழுத்து போடலைல்ல?"

"எனக்கு எங்கடி கையெழுத்து? ரேகை வச்சுட்டேன்."

எங்கள் வீட்டில் எழுத்து உள்ள எந்தக் காகிதமும் முதலில் என் கைக்குத்தான் வரும். கரன்ட் பில், ரேஷன் கடைச் சீட்டு, அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு. சின்ன வகுப்பு படிக்கும்போதே ஆரம்பித்த வழக்கம் அது. விளையாடிக்கொண்டிருந்தாலும் கூப்பிடுவார்கள், நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உரக்கப் படிப்பேன். மொத்த வீடும் வாயை மூடிக்கொண்டு கேட்கும். அந்தப் பெருமையில்தான் வளர்ந்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் படித்த பிறகுதான் அலமாரியில் வைப்பார்கள்.

"எங்கிட்ட ஏம்மா காட்டல?"

அம்மா அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "காட்டுனா நீ படிப்பியே."

அதன் பிறகு அவளே பேசினாள். "நீ நாளைக்குக் கட்டிக்கினு போயிடுவ. உனக்கு வேலை கீது, படிப்பு கீது. அவனுக்கு இன்னா கீது? அவன்தான் இந்த ஊர்ல இருந்தாகணும்." எனக்கு இந்தக் கதையைச் சொன்னவளே அவள்தான். அம்மனைத் திட்டிய பெண்ணின் குரலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லுவாள். அதே வாய்.

ஊர் என்னைத்தான் பேசியது. அண்ணனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது அவன் தொழில். குழாயடியில் எதிர்வீட்டு அக்கா, "இன்னா நல்லா பேசுற கண்ணு. கேட்டுனே இருந்தா எனக்கே அம்மன் தலைல ஒரு வூடு கட்லாம் போலக் கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேசியதை வெட்டிவிட்டார்கள் என்றேன். "அதான, படிச்சவங்களுக்குத் தெரியாமலா இதெல்லாம் நடக்கும்?" என்று குடத்தை நகர்த்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. படித்தவளுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது என்று நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

கண்வழியில் மஞ்சள் பூசிய கற்கள் முளைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். பொழிச்சலூரில் வாடகைக்கு இருக்கிறார்கள், இருவருக்கும் ஆபீஸ் வேலை. நான் வழி விடச் சொன்னதும் அந்தப் பெண் துள்ளினார்.

"மேடம், அந்த வீடியோல பேசினது நீங்கதானே? வாய்ஸ் கேட்டதும் கண்டுபிடிச்சிட்டேன். உங்களாலதான் இங்கே வந்தோம் தெரியுமா? பொழிச்சலூர்ல பிளைட் சத்தம் தாங்கல. உங்க வீடியோ பார்த்ததும் மனசுக்கு ஒரு மாதிரி அமைதியா இருந்துச்சு."

நான் அவர்களை அங்கேயே நிறுத்தி வெட்டிய பகுதி முழுவதையும் சொன்னேன். அம்மன் கேட்ட சொல்லையும் கலங்கலையும் பெருமழையையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. என் சொல் ஓரிடத்திலாவது போய்ச் சேர்ந்தது என்று நினைத்தேன்.

"ஐயோ. இதுக்குப் பரிகாரம் ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

பின்னாலேயே அண்ணன் வந்துவிட்டான். "கோயில் கமிட்டில பேசி முடிச்சாச்சு மேடம். ஆடிக்குக் கும்பத்த நேரா எடுத்துனு போறதுக்குப் பதிலா மனையச் சுத்தி எடுத்துனு போறோம். தோஷமெல்லாம் அத்தோட சரி."

"தண்ணி வருமா?" என்றார் கணவர்.

"கொஞ்சம் ஏத்திக் கட்டிக்குங்க சார்."

அவர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு அன்றுதான் கும்பம் சுற்றிப் போகப்போகிறது என்பதே தெரியும். கும்பம் எடுப்பது என் அம்மா. ஆடியில் கருவறை வாசலில் நிறைகுடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழியில் எதற்காகவும் திரும்பாமல் ஏரி வரை நேராகப் போவாள். அம்மனின் பார்வை போகிற பாதையிலேயே குடமும் போக வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டுப் பெண்களின் உரிமை அது. அம்மாவுக்குப் பிறகு எனக்கு.

அந்த ஆடி ஞாயிறு மேளம் கிளம்பியது. அம்மா குடத்தோடு படியிறங்கினாள். நான் அவள் பக்கத்தில் நடந்தேன். முதல் மஞ்சள் கல் வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத கல், தாண்டிப் போகலாம், அவ்வளவுதான். தாண்டுவாள் என்று கடைசி நொடி வரை நம்பினேன். அம்மா வலப்பக்கம் திரும்பினாள். மேளமும் ஊரும் அவளோடு திரும்பின.

நான் திரும்பவில்லை. கற்களைத் தாண்டி, ஒரு மனையில் கொட்டியிருந்த ஜல்லியின் மேல் ஏறி இறங்கி, வெறுங்கையோடு நேராக நடந்து கரைக்குப் போனேன். அவர்கள் வந்து சேர நேரமாயிற்று. அண்ணன் முன்னால் வந்தான், கையில் செல்போன்.

"லைவ்ல கீறோம், எல்லாரும் கும்புடுங்க" என்று கத்தியவன் என்னைப் பார்த்ததும் செல்போனை என் பக்கம் திருப்பினான். "இதோ நம்ம வீடியோல கதை சொன்ன தங்கச்சி! பாப்பா, ரெண்டு வார்த்த பேசு."

நான் பேசினேன். எங்கே வெட்டினானோ அங்கிருந்து ஆரம்பித்தேன். "திரும்பி உட்கார்ந்த அம்மன் ஒரு சொல் கேட்டாள்" என்றேன். அவன் செல்போனைத் தாழ்த்தினான்.

"கட் பண்ணிட்டேன். எவனும் கேக்கல, வுட்டுடு."

"இங்க நிக்கறவங்களுக்குச் சொல்றேன்."

அம்மன் கேட்டதைச் சொன்னேன், தண்ணீர் இறங்கும் வழியைச் சொன்னேன். அம்மா குடத்தை ஏரியில் கவிழ்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் பார்க்காமல், வந்த சுற்று வழியிலேயே திரும்பினாள். அண்ணனும் மேளக்காரர்களும் அவள் பின்னால் போனார்கள், எதிர்வீட்டு அக்கா போனார், விழா பார்க்க வந்திருந்த பொழிச்சலூர்க்காரர்களும் போனார்கள். நான் சொல்லி முடித்தபோது கரையில் சிலர்தான் மிச்சமிருந்தார்கள். கேட்பதற்காக நின்றார்களா, வேடிக்கை பார்க்க நின்றார்களா தெரியவில்லை. அவர்களில் எங்கள் வீட்டு ஆள் யாரும் இல்லை.