கை நனைக்காத வீடு

சங்கரலிங்கம் எனக்குச் சின்னய்யா மகன். எங்களுக்குப் பந்தல்குடிப் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊர். அருப்புக்கோட்டையில ஒரு பருத்தி மண்டியில எடை போடுறவனா முப்பது வருசம் ஓட்டிட்டான். பொண்டாட்டி பெத்தம்மாள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசமாச்சு. பிள்ளை கிடையாது. அவ போன மறுமாசத்துல இருந்து அவனுக்கு மத்தியானச் சோறு பாளையம்பட்டியில, கூடப்பிறந்த தங்கச்சி ஆவுடைத்தாய் வீட்டுல. மண்டியில எல்லாரும் சாப்பாட்டைப் பிரிக்கிற நேரம் இவன் டவுன் பஸ்ஸுக்கு நிப்பான். அந்த ஒரு வேளைதான் அவனுக்குச் சாப்பாடு. மத்ததெல்லாம் கடையில வயித்துக்குப் போடுறது.

அப்படிப்பட்டவன் போன வருசம் ஆடியில இருந்து அந்த வீட்டுல கை நனைக்கிறதை நிறுத்திட்டான். ஏன்னு அப்ப எனக்கும் ஒரு பூசாரிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆவுடைத்தாயைக் கட்டினவர் நல்லகண்ணு. அசல் ஆளும் இல்லை, சொந்தம்தான். அவுக அப்பத்தா எங்க அய்யாவுக்குச் சொந்த அத்தை. விசைத்தறி ரிப்பேர் பாக்கிறவர். தறி நின்னு போச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு உள்ளே கையை விடுவாரு, விரலே போய்க் கோளாறைத் தொட்டுரும். பேச்சு கம்மி. கல்யாண வீட்டுல பந்தி முடியிற வரைக்கும் ஒரு மூலையில நின்னு அடுத்தவுக பேசுறதைக் கேட்டுட்டு வந்துருவாரு.

சங்கரலிங்கத்துக்குப் பழைய காசு சேக்கிற கிறுக்கு உண்டு. எங்க காட்டுல கோடை மழை பேஞ்சு வெறிச்சா, மண்ணு கழுவி அங்கங்கே செப்புக்காசு தலை காட்டும். சின்னப்பிள்ளையில நாங்க அதைக் குண்டு விளையாட்டுக்கு வச்சிருந்தோம். இவன் மட்டும் டப்பாவுல போட்டு வச்சான். புளி போட்டுத் தேய்க்க விடமாட்டான். தேய்ச்சா காசு செத்துப் போகும்பான். பின்னாடி டவுனுல இவனை மாதிரி கிறுக்கு பிடிச்சவுக ஒரு சங்கம் வச்சிருக்காகன்னு தெரிஞ்சு அதுல சேந்தான். மதுரை, விருதுநகர், அருப்புக்கோட்டைன்னு வருசத்துக்கு மூணு நாலு தடவை ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிச்சுக் கண்காட்சி போடுவாக. வரிசையா மேசை, மேசை மேல தட்டு, தட்டுல காசு. பாக்க வாரவுக லென்ஸை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு போவாக. துணைக்கு நானும் போய் உக்காருவேன். ஆரம்பத்துல நல்லகண்ணுவும் ரெண்டு தடவை வந்தாரு. அப்புறம் தறி வேலை இருக்குன்னு வரலை.

அந்தக் கண்காட்சிகள்ல ஒரு திருடன் நுழைஞ்சான். ஒரு தடவைக்கு ஒரு காசுதான் போகும். விலை கூடின காசைத் தொடமாட்டான். எந்தக் காசைப் பத்தி அதை வச்சிருக்கிறவுக ஆசை ஆசையாப் பேசினாகளோ அதுதான் காணாமப் போகும். எங்க பாட்டன் யுத்தத்துல இருந்து கொண்டாந்ததுன்னு ஒருத்தர் சொல்லி வாய் மூடியிருக்கமாட்டாரு, தட்டுல அந்த இடம் வட்டமாக் காலியா இருக்கும். சங்கத்துல அவனுக்குக் கதைகேட்டான்னு பேரே வச்சுட்டாக. செயலாளர் இன்பராஜ், போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற ஆளு, அவரு கேலி பேசுவாரு.

"என் மேசையில இதுவரைக்கும் ஒண்ணும் போகலண்ணே. நான் பேசுறது திருடனுக்கே பிடிக்கல போல."

சங்கரலிங்கம் மேசையில முதல் தடவை போனப்ப சிரிச்சான். ரெண்டாவது தடவை போனப்ப சிரிக்கலை. மூணாவதாப் போனது மயில் போட்ட சின்னச் செப்புக்காசு. பெத்தம்மாள் பருத்தி எடுக்கப் போன இடத்துல பாத்து, முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து குடுத்தது. அவ ஞாபகமா ஒரு போட்டோ கூட சரியா கிடையாது, அந்தக் காசுதான். அன்னைக்கு அவன் மேசையைத் துடைச்சுட்டு என்கூடப் பஸ் ஏறினான். இறங்கும்போது, "அண்ணே, வெள்ளிக்கிழமை என்கூட வாங்க, காளி கோயிலுக்கு" அப்படின்னான்.

எங்க பக்கம் களவு கொடுத்தவன், காசு வெட்டிப் போட்டு எடுத்தவனைச் சபிக்கக் கடைசியாப் போற இடம் அது. திருச்சுழிக்குப் போற பாதையில, உடைமரக் காட்டுக்குள்ள, கூரை இல்லாத காளி. உச்சிப்பொழுது. பூசாரி பால்ச்சாமி உளியும் சுத்தியலும் வச்சிருந்தாரு.

"செல்லுற காசா கொண்டாந்திருக்கீக? செல்லாக்காசை வெட்டினா வாக்குச் செல்லாது."

சங்கரலிங்கம் ஒரு ரூபாய்க் காசைக் கல்லு மேல வச்சான். பேரு சொல்லணுமேன்னாரு பூசாரி. பேரு தெரியாதுன்னான். அப்படின்னா எடுத்தவன்னு சொல்லுங்கன்னாரு.

"எடுத்தவன் யாரா இருந்தாலும், எடுத்த கை விளங்காமப் போகணும்."

சொல்லிட்டுச் சங்கரலிங்கமே உளியை வச்சு ஒரே அடி. காசு மேல ஒரு கீறல் விழுந்தாக்கூடத் துடிக்கிறவன், அன்னைக்குக் கண்ணை மூடலை. காசு ரெண்டாப் போச்சு. பூசாரி ஒரு துண்டைக் காளி காலடியில போட்டாரு, இன்னொண்ணைப் பாழுங்கிணத்துல எறிஞ்சாரு. நானும் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை.

கிளம்பும்போது பூசாரி சொன்னாரு. "ஆளு யாருன்னு தெரிய வந்தாலும் அவன் வீட்டுல கை நனைச்சுராதீக. நனைச்சா ரெண்டு வீட்டையும் சேத்து அடிக்கும்."

இருபது நாள் கழிச்சு இன்பராஜ் செல்போன்ல ஒரு வீடியோ அனுப்பினாரு. மண்டபத்துக் கேமராவுல விழுந்தது. தொப்பி, முகக்கவசம், கையில மடிச்ச துண்டு. மேசை முன்னாடி குனியிறான், துண்டு தட்டு மேல விழுது, திரும்ப எடுக்கிறான், நடக்கிறான். மூஞ்சி தெரியலை. ஆனா இடது தோள் முன்னால போகுது, கால் பின்னாடி வருது. அந்த நடை எனக்குத் தெரியும். அவுக தாத்தா அப்படித்தான் களத்துல நடப்பாரு, அப்பா அப்படித்தான் எங்க கல்யாணத்துக்கு நடந்து வந்தாரு.

"இது நம்ம நல்லகண்ணு நடைல்ல" அப்படின்னு என் வாயில வந்துருச்சு.

சங்கரலிங்கம் செல்போனைக் குப்புறக் கவுத்தான். நான் சொல்றதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்பராஜ்கிட்ட அடையாளம் தெரியலைன்னு சொல்லிட்டான்.

மறுநாள் மத்தியானம் அவன் பாளையம்பட்டிக்குப் போகலை. அதுக்கு மறுநாளும் போகலை. அப்புறம் போனான், வாசல்ல நின்னு பேசிட்டு வந்தான். ஆவுடைத்தாய் வட்டிலைக் கழுவி வைப்பா. வயிறு சரியில்லைம்பான். டாக்டர் வெளியில சாப்பிடக் கூடாதுன்னாரும்பான்.

அவ என்கிட்ட வந்தா. "பெரியண்ணே, எங்க வீடு எப்ப இருந்து அவுகளுக்கு வெளியாச்சு? உப்பு கூடிப்போச்சா, உறைப்பு கூடிப்போச்சா? தண்ணி குடுத்தாக்கூட வாங்கமாட்டேங்கிறாக."

நான் என்னத்தைச் சொல்ல. சாப்பிடாததுக்குக் காரணம் அவ புருசன் திருடன்னு சொல்லணும். இல்லை, உன் அண்ணன் உன் புருசன் கையைக் காளிகிட்டக் கேட்டிருக்கான்னு சொல்லணும்.

ஐப்பசியில நல்லகண்ணுவுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பிச்சது. முதல்ல சுண்டுவிரல், அப்புறம் பக்கத்து விரல். தறிக்குள்ள விட்ட கை எதைத் தொடுதுன்னு தெரியலைன்னாரு. மதுரையில டாக்டர் கழுத்து நரம்பு அமுங்கியிருக்கு, தறிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு வந்ததுன்னு சொன்னாரு. நானும் சங்கரலிங்கத்துக்கு அதைத்தான் சொன்னேன். நரம்புடா, வயசுடான்னேன். அவன் கேக்கலை. மண்டியில மூட்டை தூக்குற ஆளுக கையையே பாத்துக்கிட்டு நிப்பான். எடையைத் தப்பாச் சொல்லுவான். ஒரு நாள் என்கிட்ட, "அண்ணே, அந்த உளி சத்தம் தராசுல கேக்குது" அப்படின்னான். நான் காது வச்சுப் பாத்தேன். தராசு ஆடுற சத்தம்தான். ஆனா அவன் சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு.

பூசாரிகிட்டப் போனோம். வழி இருக்குன்னாரு. "எடுத்தவன் எடுத்தேன்னு சொல்லணும். வெட்டினவன் வெட்டினேன்னு சொல்லணும். ரெண்டு பேரும் இங்க வந்து ஒரே செம்புல தண்ணி குடிக்கணும். ரெண்டுல ஒரு வாய் மூடியிருந்தாலும் கட்டு அவிழாது."

வார வழியில சங்கரலிங்கம் ஒரு யோசனை சொன்னான். "எடுத்தாத்தான திருட்டு. நான் மனசாரக் குடுத்துட்டேன்னு வச்சுக்கிட்டா? அடுத்த கண்காட்சியில எங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல காசை ஓரத்துல வைக்கிறேன். கதையும் சொல்றேன். மாப்பிள்ளை எடுத்துக்கிடட்டும். அவரு எடுக்கிறப்ப நான் குடுத்தேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

"காளியை ஏமாத்தப் பாக்கியாடா?"

"வேற என்ன செய்யச் சொல்றீக?"

தை மாசம் அருப்புக்கோட்டையிலேயே கண்காட்சி. சொன்ன மாதிரியே ஒரு வெள்ளிக்காசைத் தட்டு ஓரத்துல வச்சான். வந்தவுக போனவுக எல்லார்கிட்டயும் உரக்க அதோட கதையைச் சொன்னான். பதினோரு மணி வாக்குல தொப்பியும் முகக்கவசமுமா ஒரு ஆளு வந்து மூணாவது வரிசையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. சங்கரலிங்கம் அந்தப் பக்கம் பாக்காம எந்திரிச்சான். டீ குடிச்சுட்டு வாரேன்னு என்கிட்டயும் கேக்காதவுககிட்டயும் சொல்லிட்டுத் தூணுக்குப் பின்னாடி போனான்.

துண்டு தட்டு மேல விழுந்துச்சு. துண்டோட காசும் கிளம்பிருச்சு. ஆனா பிடி நிக்கலை. காசு தரையில விழுந்து உருண்டு மேசை வரிசைக்கு நடுவுல போய்ப் படுத்துச்சு. மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. ஓடியிருக்கலாம். அவரு ஓடலை. குத்தவச்சு உக்காந்து அந்தக் காசை எடுக்கப் பாத்தாரு. விரலு காசைத் தள்ளுது, அள்ளமாட்டேங்குது. நாலு தடவை, அஞ்சு தடவை.

சங்கரலிங்கம் தூணை விட்டு வந்து பக்கத்துல உக்காந்தான்.

"எடுக்க வரமாட்டேங்குது மச்சான்" அப்படின்னாரு நல்லகண்ணு.

இவன் காசை எடுத்து அவரு சட்டைப் பையில போட்டான். அதுக்குள்ள இன்பராஜ் வந்துட்டாரு. "அண்ணே, யாரு இது? வீடியோவுல பாத்த உருவம் மாதிரியே இருக்கு."

"என் தங்கச்சி வீட்டுக்காரரு. நான்தான் எடுத்துக்கிடச் சொன்னேன்."

"எங்க காசையும் நீங்கதான் எடுத்துக்கிடச் சொன்னீகளா?"

நல்லகண்ணு முகக்கவசத்தைக் கழட்டினாரு. "அவுக சொல்லலை. எல்லாம் நான்தான்."

அன்னைக்கே வீட்டுல தறி எண்ணெய் டப்பாவுக்குள்ள இருந்த காசு அத்தனையும் மண்டபத்துக்கு வந்துருச்சு. பதினேழு காசு. ஒண்ணுகூட விக்கலை. ஒவ்வொண்ணும் யாருது, அதுக்கு என்ன கதைன்னு அவரு சொல்லச் சொல்ல இன்பராஜ் பிரிச்சுக் குடுத்தாரு. சொந்தக்காரங்க மறந்துபோன விவரத்தைக்கூடச் சொன்னாரு. ஒரு காசுக்கு உடையவர் இறந்துபோயிருந்தாரு. அதைச் சங்கமே வச்சுக்கிடுச்சு. இனிமே மண்டப வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லி, சங்கரலிங்கம் முகத்துக்காகப் போலீஸுக்குப் போகாம விட்டாக.

பஸ்ஸு நிறுத்தத்துல மூணு பேரும் நின்னோம். ஏன் மாப்பிள்ளைன்னு நான்தான் கேட்டேன்.

"தெரியலையே மச்சான். அவுக பேசும்போது கேட்டுக்கிட்டே நிப்பேன். என்கிட்டச் சொல்ல அப்படி ஒரு கதை கிடையாது. வீட்டுக்கு வந்து பாத்தா காசு பையில கிடக்கும்."

அவரு தன் பாதியைச் சொல்லிட்டாரு. சங்கரலிங்கம் தன் பாதியைச் சொல்லாம, பஸ் வருதான்னு ரோட்டைப் பாத்தான்.

பாளையம்பட்டி வீட்டுக்கு வந்தோம். அதுக்குள்ள அக்கம்பக்கத்துப் பேச்சுல ஆவுடைத்தாய்க்கு விசயம் தெரிஞ்சிருந்தது. அழுது முடிச்சிருந்தா. எங்களைப் பாத்ததும் புருசனை ஒண்ணும் கேக்காம, அண்ணன் முன்னாடி வட்டிலை வச்சா.

"இதுக்காகத்தான் கை நனைக்காம இருந்தீகளா? என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு வயித்தைக் காயப்போட்டீகளா? உக்காருங்கண்ணே."

அந்த இடத்துல அவன் உக்காந்து சாப்பிட்டிருந்தா அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சங்கரலிங்கம் நின்னுக்கிட்டே சொன்னான்.

"ஆவுடை, நான் காசு வெட்டிப் போட்டேன். ஆளு தெரியாமத்தான். கை விளங்காமப் போகணும்னு சொன்னேன்."

அவ புருசன் கையைப் பாத்தா. அப்புறம் அண்ணனைப் பாத்தா. சோத்துப்பானையை மூடி வச்சா. வட்டிலைக் குனிஞ்சு எடுத்தா.

"அவுக செஞ்சது களவு. ஊரு காறித் துப்பும், துடைச்சுக்கிட்டு வாழ்ந்துருவேன். எவன் பெத்த பிள்ளைன்னு தெரியாம ஒரு கையைக் கேட்டீகளே, அவனுக்கும் ஒருத்தி ஆக்கிப் போட்டுக்கிட்டுத்தான இருந்திருப்பா? இந்த வாய்க்கு நான் சோறு போடமாட்டேன்."

நல்லகண்ணுவும் சங்கரலிங்கமும் காளி கோயிலுக்குப் போய் ஒரே செம்புல தண்ணி குடிச்சாக. கட்டு அவிழ்ந்துருச்சுன்னு பால்ச்சாமி சொன்னாரு. வைத்தியத்துல கையும் பாதி திரும்பியிருக்கு, சட்டைப் பொத்தான் மாட்டுறாரு. மச்சானும் மாப்பிள்ளையும் மண்டி வாசல்ல நின்னு பேசிக்கிடுறாக. ஆவுடைத்தாய் மட்டும் இறங்கி வரலை. சங்கரலிங்கம் இப்பவும் மத்தியானம் கடையிலதான் சாப்பிடுறான். கண்காட்சிக்குப் போறதில்லை.

போன வாரம், நானாவது சமாதானம் சொல்லிப் பாப்போம்னு பாளையம்பட்டிக்குப் போனேன். வெயில்ல நடந்து போயிருந்தேன். உக்காரச் சொன்னா. கொஞ்சம் தண்ணி குடு தாயின்னேன்.

அவ எந்திரிக்கலை.

"அன்னைக்குக் கோயிலுக்கு நீங்களும்தான பெரியண்ணே கூடப் போனீக?"

ஆமான்னேன். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, நடந்தே திரும்பி வந்துட்டேன்.