வலிக்கும் நிறுத்திய கண்டக்டர்

விழுப்புரம்–திண்டிவனம் தடத்தில் பத்தொன்பது வருஷமாக விசில் ஊதும் சின்னதுரைக்கு ஒரு பெருமை உண்டு. கை காட்டிய யாரையும் அவர் விட்டுவிட்டுப் போனதில்லை. டிரைவர்கள் முணுமுணுப்பார்கள், பயணிகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மனுஷன் கண்டுகொள்ள மாட்டார். இந்தக் குணம் அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

அந்தப் பல் சொத்தையாகி ஈறு வீங்கிய நேரம் பார்த்துத்தான் தங்கை காந்திமதி, மகள் சங்கவிக்குத் திருவாமாத்தூர் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். இருக்கிற ஒரே மாமன் இவர்தான். பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றால், மரத்துப்போகிற ஊசி இவருக்கு ஆகாது. முன்பு ஒருமுறை போட்டு, மூச்சுத் திணறி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊசியில்லாமல் பிடுங்கிக்கொள்ளத் தைரியம் இல்லை.

திண்டிவனத்துப் பல் டாக்டர் ரோஜா ஹிப்னாடிசம் படித்தவர். பல் சேதி மட்டும்தான் அனுப்பும், அது எவ்வளவு வலி என்று முடிவு பண்ணுவது மூளை, அந்த மூளையிடம் பேசிப் பார்க்கலாம் என்றார். அப்படியானால் மூளைதான் கண்டக்டர் என்று சின்னதுரைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய குரலில் பேசிப் பேசி, அவரை அவர் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார் டாக்டர். முண்டியம்பாக்கம் போனது, விக்கிரவாண்டி போனது. வழியில் வலி நிற்கும், நிறுத்தாமல் போய்விடுங்கள் என்றார். குறடு பல்லைத் தொட்டது. சின்னதுரை அலறிக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்திட்டேன் டாக்டரம்மா. கை காட்டிக்கினு நிக்கும்போது எப்படிங்க வுட்டுட்டு வர்றது?"

டாக்டர் சிரித்து முடிக்கவே நேரமானது. ஆளே ஏற்றாத வண்டி ஒன்றுகூடவா உங்களுக்குக் கிடையாது என்று கேட்டார். டிரிப் முடிந்து டெப்போவுக்குத் திரும்புகிற வண்டியில் மட்டும் யாரையும் ஏற்றுவதில்லை என்று யோசித்துச் சொன்னார் இவர்.

மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை வண்டி காலி. ரோட்டோரம் நின்று வலி கை காட்டியது. பின்னால் வேறு வண்டி வருகிறது என்று சைகை காட்டிவிட்டு, நிற்காமல் போகச் சொல்லி ரெண்டு விசில் கொடுத்தார். கண் திறந்தபோது பல் கிண்ணத்தில் கிடந்தது. எதையோ இழுத்தது தெரிந்தது, வலி மட்டும் ஏறவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் டாக்டருக்கு ரெண்டு முறை கும்பிடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி கம்பியை எடுத்ததும் மடியிலிருந்த சங்கவி நடுங்கினாள். அஞ்சு வயசுக்குள் மாமன் பஸ்ஸில் ஆயிரம் தடவை போனவள் அவள். கண்ணை மூடச் சொல்லி, அவள் காதோரம் டெப்போ வண்டியைக் கிளப்பினார் சின்னதுரை. வலது காதில் கம்பி ஏறியது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை. காந்திமதி வாயைப் பிளந்தாள். மாமன் பூரித்துப்போனார்.

இடது காதுக்கு ஆசாரி குனிந்தார். மூடிய கண்ணோடு சங்கவி உதட்டைக் குவித்து ஒரே ஒரு விசில் அடித்தாள். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும்.

"மாமா, நிறுத்து. அந்த வலி பாவம், தனியா நிக்குது."

சின்னதுரையால் மறுக்க முடியவில்லை, நிறுத்தினார். கம்பி ஏறியதும் கோயில் அதிர அழுதாள் குழந்தை. அவளைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார் மாமன்.