அத்தை பிடுங்கிய மைக்

எங்கள் வீட்டு டிவிக்கு மேலே ஒரு பலகையில் பழைய மைக் ஒன்று இருக்கிறது. தலையில் ஒரு பக்கம் நசுங்கி, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். வருகிறவர்கள் கேட்டால், "எங்கம்மா அடிச்சது" என்பாள் என் மனைவி. "எனக்கு விழ வேண்டியது, அது வாங்கிக்கிச்சு" என்பேன் நான். இரண்டும் உண்மைதான்.

என் மாமியார் என் தாய்மாமனின் மனைவி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஒருநாளும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. இப்போதும் 'அவர்' என்று மரியாதையாக எழுதுவதற்குக் காரணம் மரியாதை இல்லை, பயம். மகளை அரியலூரில் ஒரு வாத்தியாருக்குக் கொடுக்க அவர் பார்த்து வைத்திருந்தார். மாமாவோ அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்குக் கட்டிவைத்துவிட்டார். நான் பெரம்பலூரில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டி ஊரை அலற வைக்கிற தொழில். அத்தை எனக்கு வைத்த பெயர் 'கொழாக்காரன்', குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன் என்று. நானும் சும்மா இருக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் மைக் சோதிக்கும்போது அத்தையின் குரலில் என்னையே திட்டிக் காட்டுவேன், கூட்டம் சிரிக்கும். அந்தச் செய்தி செந்துறைப் பக்கம் அவர் ஊருக்கு பஸ்ஸுக்கு முந்திப் போய்விடும்.

இப்படி ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வாய் கடையைச் சாத்திவிடும். கல்யாணமான புதிதில் மனைவி ஏதேதோ கேட்பாள், 'ம்' என்பேன். பிறகு அவளும் கேட்பதை விட்டாள். சோறு வை, போதும் என்ற இரண்டு பேச்சில் எங்கள் குடும்பம் நடந்தது. ஆடிக்குப் புதுப்பெண்ணைத்தான் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மூன்றாவது வருஷ ஆடிக்கு அத்தை வந்து அழைத்தார். மனைவி பெட்டியை எடுத்தாள். நான் அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆடி போனது, தீபாவளி போனது, அவள் வரவில்லை.

தை மாதம் மச்சானுக்குக் கல்யாணம் என்றார்கள். வீட்டு மாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். அழைக்கவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு பெரியவர்களைக் கூட்டி உறவை அறுத்துவிடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார் என்ற சேதி மட்டும் வந்தது. மைக் செட்டுக்கு அரியலூர் ஆளைப் பிடித்திருந்தார். முகூர்த்த நாளில் எங்களுக்கு வேலை மேல் வேலை. ஒருவரால் முடியாததை இன்னொருவர் தலையில் கட்டுவோம். அரியலூர்க்காரர் இதை என் தலையில் கட்டினார். அழைக்காத வீட்டுக்கு மாப்பிள்ளை போகக்கூடாது. மைக் செட்டுக்காரன் போகலாம். போனேன்.

என்னைப் பார்த்ததும் அத்தை முகம் கருத்தது. ஆனாலும் துரத்தவில்லை; முகூர்த்த நேரத்தில் வேறு செட்டுக்கு எங்கே போவது. பந்தல்காரரிடம், "கொழாக்காரன் வந்துட்டான், எங்க கரண்டு எடுக்கணும்னு காட்டுங்க" என்றார், முன்பின் பார்க்காதவர் மாதிரி. டீ வந்தது, வேலையாட்களுக்குக் கொடுக்கிற தம்ளரில். மனைவி முற்றத்தைத் தாண்டி சீர்த்தட்டோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மெலிந்திருந்தாள். அதைச் சொல்லக்கூட எனக்கு மைக் இல்லாமல் வரவில்லை.

நான் இசைத்தட்டைச் சுழலவிட்டு, சாய்ந்துபோன கூம்பைச் சரிசெய்ய வேப்பமரத்தில் ஏறினேன். அந்த நேரம் பார்த்து அத்தைக்கு ஒரு சந்தேகம். இவன் கையில் மைக் இருந்தால் என் குரலில் ஏதாவது பேசி மானத்தை வாங்குவான் என்று, மைக்கை வயரோடு இழுத்துப்போய் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மைக்கில் தனியாக சுவிட்ச் கிடையாது. கீழே ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் நிறுத்தினால்தான் நிற்கும். இசைத்தட்டு முடிந்தது. பந்தல் அமைதியானது. கூம்பு என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

"வாயை வாடகைக்கு வுட்டுப் பொழைக்கிறவன்" என்று கூம்பு என்னைத் திட்டத் தொடங்கியது. "தாலி கட்டி முடியட்டும். பெரியவங்கள வச்சு இன்னிக்கே தீத்துடறேன். அவனும் ஒரு ஆளுன்னு..."

மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டும் தொழிலை அத்தை அளவுக்கு யாரும் ரசித்துச் செய்ததில்லை. பந்தலில் எல்லாரும் கூம்பை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு இன்னொரு குரல் வந்தது. என் மனைவியும் அந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறாள்.

"போதும்மா. அவரைத் திட்டறதுன்னா நான் திட்டிக்கறேன். அது என் வேலை. ஊருக்கெல்லாம் பேசுறாரு, எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லையேன்னுதான் வந்தேன். அவரு வேணாம்னு வரல."

கீழே மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். கதவு இடிபடும் சத்தம், மைக் ஓடுகிறது என்று மாமா திணறிச் சொன்னது, எல்லாமே கூம்பில் வந்தது. அடுத்து அத்தை மைக்கைத் தூக்கி ஆட்டுக்கல்லில் ஒரே அடி. அந்த அடி செந்துறை வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் இறங்கினேன். அத்தை வாசலில் நின்று, "வேணும்னே பண்ணிருக்கான்" என்றார். மைக்கைத் தூக்கிப் போனது அவர்தான் என்று யாரும் சொல்லத் துணியவில்லை, நானும்தான். ஆனால் அன்றைக்குப் பெரியவர்கள் கூடவில்லை. ஊரே கேட்ட பிறகு அவர்களுக்கு விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

பந்தி முடிந்து நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். நீள வயர்; மறுமுனையை ஒருவர் பிடிக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும். தூரத்தில் யாரோ முனையை எடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், அவள். நான் சுற்றச் சுற்ற அவள் ஒவ்வோர் அடியாக நடந்து வந்தாள். எதிரே வந்து நின்றதும், "வேணும்னு பண்ணுனீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றேன். என் வழக்கத்துக்கு அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "எளச்சுப் போயிருக்க. வூட்டுக்கு வா. பேசுறேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்தில் நான் ஜோக் அடிக்காமல் அவளைச் சிரிக்க வைத்தது அப்போதுதான்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஒரு கூம்பு என் மடியில், ஒரு கூம்பு அவள் மடியில். வழியெல்லாம் பேசினேன். கண்டக்டரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அத்தை கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைத் திட்டும் முன் மூலை மூலையாகப் பார்ப்பார், வயர் ஏதும் ஓடுகிறதா என்று. தன் சாவுக்கு இந்தக் கொழாக்காரன் செட் கட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அவர் போன அன்று அந்த வீட்டில் அழுகையைத் தவிர வேறு சத்தம் இல்லை. கூம்பு இல்லாமல் வேப்பமரம் மொட்டையாக நின்றது. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

இப்போது என் மனைவிக்குத் தலை நரைத்துவிட்டது. திட்டுகிற குரல் அத்தையுடையதேதான். கோபம் வந்தால் முதலில் பலகையிடம் போகிறாள். வயரே இல்லாத அந்த மைக்கை எடுத்து, நசுங்கிய முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைக்கிறாள். அப்புறம்தான் தொடங்குகிறாள். நான் டிவியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன், அவளுக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில்.