ரஷீதா அக்கா போட்ட சோலார்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் இருமல் அடங்கித் தூங்கினான். நம் குடியிருப்பின் எல்லா வீட்டாருக்கும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பத்து நாளைக்கு முன், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, நம் வாட்ஸ்அப் குழுவில் ரஷீதா அக்காவின் மகள் குரல் வந்தது: "அம்மா மௌத்தாயிட்டாங்க. நெஞ்சுவலி." அவ்வளவுதான். முந்தின நாள்கூடப் படிக்கட்டில் நிறுத்தி, "புள்ள இன்னாமா மெலிஞ்சிகினே போறான்?" என்று என்னை அதட்டியவர். பால் பொங்கி அடுப்பை அணைத்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தையல் மிஷினை வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். நம் மொட்டைமாடியில் முதலில் சோலார் போட்டவரும் அவர்தான். இரும்புச் சட்டம் ஏறிய அன்று செயலாளர் அண்ணன் கேட்டது நினைவிருக்கிறதா?

"இன்னா ரஷீதா, சூரியனுக்கே வலை வுட்டுகினு கீற?"

"ஆமா நைனா. மாட்டுச்சின்னா ஒனக்கும் ரெண்டு தரேன், கொழம்பு வை."

மாடி பொது என்பதால், பேனல் ஏற்ற எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கடைசிவரை போடாமல் இழுத்தடித்தவள் நான். புயலில் பிய்த்துக்கொண்டு வந்து என் பிள்ளை மேல் விழுந்தால்? அக்கா கோபப்படவில்லை. கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனார். "ஆட்டு. இந்தச் சட்டத்த இருக்கற பலமெல்லாம் போட்டு ஆட்டு." ஆட்டினேன். என் வளையல்தான் நெளிந்தது.

அப்புறம் எனக்கே ஆசை வந்துவிட்டது. "கரெண்டு போனாலும் இது ஓடுமாக்கா? புள்ளைக்கு மூச்சிரைப்பு மெஷின் வைக்கணுமே?" விற்க வந்த ஆள் 'ஓடும்' என்றுதான் தலையாட்டியிருந்தார்.

"ஓடாது. கரெண்டு போச்சின்னா இதுவும் படுத்துக்கும். அதுக்குத் தனியா பேட்டரி வாங்கணும், நான் வாங்கல. பொய் சொல்லி ஒன் கையெழுத்து எனக்கு வாணாம்மா."

அங்கேயே போட்டேன். எந்த விளம்பரத்துக்கும் அசையாத என்னை அசைத்தது, இதில் என்ன கிடைக்காது என்று சொன்ன அந்த ஒரு வாய்தான்.

நம் எண்ணூர்க் காற்றில் அனல்மின் நிலையத்திலிருந்து என்ன வருகிறதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தினமும் வெயில் ஏறுமுன் ஈரத்துணியோடு மேலே போய்ப் பேனலைத் துடைப்பார். கறுத்த தண்ணீரைப் பிழிந்து காட்டி, "கரி எரிக்கறவன் நமக்கு சாம்பலக் குடுக்கறான். நாம அத்தத் தொடைச்சிட்டு, மிச்சமாகற கரெண்ட லைன்ல அவனுக்கே அனுப்பறோம். யாரு பெரிய ஆளு?" என்பார்.

நேற்று குழுவில் ஒரு செய்தி: "போட்டவங்களே போயிட்டாங்க. கழட்டிட்டா துணி காயப்போட இடமாவது ஆகும்." கழற்ற விடமாட்டேன். அக்கா போனாலும் அந்த இரண்டு மிஷினும் நிற்கவில்லை. இப்போது மகள் மிதிக்காமல் மோட்டாரில் தைப்பது அந்த வெயில் தரும் கரெண்டில்தான்.

அக்கா போன மூன்று நாளில் பேனல்மேல் கரி படிந்துவிட்டது. நாலாம் நாள், மொட்டைமாடி என்றாலே நடுங்கும் நான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறித் துடைத்தேன். இன்று காலைவரை நிறுத்தவில்லை.

அவருடைய அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. 'ஓடாது' என்ற அந்தச் சொல்லும் இருக்கிறது. பக்கத்திலேயே என் வீட்டுக்கும் பேனல் போடப் போகிறேன், அதற்கும் சேர்த்தே உங்கள் கையெழுத்தைக் கேட்கிறேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயந்துகொண்டேதான் போடுகிறேன். சந்தேகப்படுபவர்கள் வந்து சட்டத்தை ஆட்டிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இருக்கட்டுமா, கழற்றலாமா? உங்கள் வீட்டுப் பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள்.